புயல் வருவது ஆச்சிக்கும் தெரியும், ஆட்டை எங்கே கட்டுவது என்பதுதான் தெரியாது

கடலோர ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருப்பவர் கேட்டிருக்கிறார்: "காலநிலை மாற்றம் பற்றி ஊர்க் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். உருகும் பனி, மூழ்கும் தீவு, ஏறிக்கொண்டே போகும் வெப்பநிலைக் கோடு எல்லாம் வைத்திருந்தேன். உச்சுக் கொட்டிக் கேட்டார்கள், டீ குடித்தார்கள், கலைந்து போனார்கள். ஆறு மாதமாகியும் ஒரு வீட்டில்கூட எதுவும் மாறவில்லை. இன்னும் பயமுறுத்திச் சொல்ல வேண்டுமா? எப்படிச் சொன்னால் மக்கள் மாறுவார்கள்?"

உங்கள் கூட்டத்தில் "இதெல்லாம் பொய்" என்று யாரும் எழுந்து வாதாடியதாக நீங்கள் எழுதவில்லை. அதனால் அவர்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. நம்பியும் ஏன் கை நகரவில்லை என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். இதை முதலில் பிரித்துவிடுவது நல்லது. ஏனென்றால் காலநிலைச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில், நம்ப மறுப்பவர்களை நம்பவைப்பதற்காக எழுதப்பட்டது. நம் ஊர் நிலைமை வேறு. யேல் பல்கலைக்கழகக் குழு இந்தியாவில் நடத்தி 2022-ல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், பாதிக்கு மேற்பட்டவர்கள் புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அதே ஆட்களிடம் அது என்ன என்று இரண்டு வரியில் விளக்கியதும் 84 சதவீதம் பேர் "ஆமாம், நடக்கிறது" என்றார்கள். அவர்களிடம் இல்லாதது அந்தப் பெயர் மட்டும்தான், அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.

நான் படித்தது வேளாண்மை. 2005-ல் சுனாமி நிவாரண வேலைக்காக நாகப்பட்டினம் வந்தேன், இந்தக் கரையிலேயே தங்கிவிட்டேன். கிராமங்களில் பேரிடர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இத்தனை வருடமும் என் வேலை. ஆபத்தை எடுத்துச் சொல்வது ஒரு தனித் துறை என்பதே தெரியாமல் சில ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தேன், பிறகுதான் அதை முறையாகப் படித்தேன். ஆகவே கீழே எழுதுவது மீனவர், உப்பளத் தொழிலாளர், சிறு விவசாயிகள் நடுவே கற்றது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ மலை ஊருக்கோ இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

பயத்திலிருந்து தொடங்குகிறேன், நேரடியாகக் கேட்டது அதைத்தான். யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தாலும் உடன் ஆய்வாளர்களும் 1965-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்கு நடுங்கவைக்கும் படங்களோடு, சிலருக்கு மென்மையாக. நடுங்கவைக்கும் கையேட்டைப் படித்தவர்கள் "கட்டாயம் ஊசி போட்டுக்கொள்வேன்" என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம்தான். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு சுகாதார மையம் குறிக்கப்பட்ட வளாக வரைபடமும், அது திறந்திருக்கும் நேரமும், "உங்கள் வாரத்தில் எப்போது அந்தப் பக்கம் போவீர்கள், யோசித்து வையுங்கள்" என்ற ஒரு வரியும் கொடுத்தார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதைக் கவனியுங்கள். பயம் பெரியதா சின்னதா என்பது கணக்கில் வரவில்லை. அதேசமயம் பயமே இல்லாமல் வெறும் வரைபடம் மட்டும் கொடுத்தபோதும் பலன் இல்லை. கொஞ்சம் பயம் வேண்டும், அதன் கையோடு எங்கே, எப்போது, எப்படி என்பதும் வந்து சேர வேண்டும். வழி காட்டாமல் பயத்தை மட்டும் ஏற்றினால் மனிதர்கள் பயத்தைச் சமாளிக்கப் பார்ப்பார்கள்: "எல்லாம் கடவுள் விட்ட வழி", "எங்க தாத்தா காலத்துலயும் புயல் வந்துச்சு", டீ குடிக்கப் போவது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இதே திசையில்தான் நிற்கின்றன.

ஆனால் இந்தப் பாடத்தை எனக்கு உடம்பில் ஏற்றியவர் ஓர் ஆச்சி. 2018 நவம்பர் 15 மாலை, வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். கஜா புயல் அன்றிரவு கரையேறப்போகிறது என்று நாள் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி, தண்டோரா எல்லாம் முடிந்தது. புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஊரே போய்க்கொண்டிருக்க, ஒரு கூரை வீட்டு வாசலில் அந்த ஆச்சி நான்கு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். காற்றின் வேகம், கடல் எவ்வளவு உள்ளே வரும், கூரை நிற்காது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, புயல் வருதுன்னு எனக்கும் தெரியும். டிவியில அதத்தான காலையிலேருந்து காட்டுறான். இந்த நாலு உருப்படிய யாருகிட்ட விட்டுட்டு வரச் சொல்ற?" என்னிடம் பதில் இல்லை. மையத்தில் ஆடு மாடு ஏற்ற மாட்டார்கள். அவருடைய சேமிப்பு, மருந்துச் செலவு, பேத்தியின் படிப்பு எல்லாம் அந்த நான்கு கயிற்றின் நுனியில் இருந்தன. கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு, இரண்டு பையன்கள் ஆடுகளை இழுத்துக்கொண்டு வர, மையத்தின் மாடிப்படிக்கு அடியில் கட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார். நள்ளிரவு தாண்டிக் காற்று அடித்த அடியில் அந்தக் கூரை வீடு இருந்த இடமே தெரியவில்லை.

அடுத்த வருடப் பயிற்சியில் நாங்கள் புயலைப் பற்றிப் பேசிய நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். மீதி நேரத்தில் தெருவாரியாக ஆடு, மாடு எத்தனை, யார் ஓட்டிக்கொண்டு போவது, பள்ளிக்குப் பின்னால் எந்தச் சுவர் ஓரமாகக் கட்டுவது, தீவனம் யார் பொறுப்பு என்று எழுதினோம். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது அதே ஆச்சி மத்தியானச் சோற்றுக்கே ஆடுகளோடு வந்து சேர்ந்தார். இந்த இரண்டு வருடத்தில் அவருடைய விழிப்புணர்வு கூடவில்லை. ஆட்டுக்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நிவர் எங்கள் பக்கம் வரவில்லை, வடக்கே புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் காலை சிலர் கோபமாகத்தான் திரும்பினார்கள். "இப்படி ஒவ்வொரு தடவையும் பயமுறுத்தி அலைக்கழிச்சா அடுத்த தடவை வர மாட்டோம்" என்றார் ஒருவர். வராத புயலுக்கு எச்சரித்தால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் மதிக்க மாட்டார்களா என்பது இந்தத் துறையில் இன்னும் தீராத கேள்வி. அமெரிக்கச் சூறாவளிப் பகுதிகளில் வீண் வெளியேற்றம் அடுத்த முறை மக்களைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே நாட்டில் சுழற்காற்று (டொர்னாடோ) எச்சரிக்கைகளை ஆராய்ந்தவர்கள், வீண் எச்சரிக்கை அதிகமான இடங்களில் உயிரிழப்பும் காயமும் கூடுதல் என்று கண்டார்கள். அதனால் இதில் உறுதியாகப் பேச மாட்டேன். நான் செய்வதை மட்டும் சொல்கிறேன்: மறுநாளே அந்தத் தெருவுக்குப் போவேன். புயல் வந்த தடத்தைத் தாளில் வரைந்து, "இங்கே திரும்பியிருந்தால் நம்ம தலை மேலதான்" என்று காட்டுவேன். எச்சரித்தவன் மறுநாள் முகத்தைக் காட்டாமல் போனால்தான் அது பொய்யாகிறது என்பது என் அனுபவம்.

அடுத்து, எச்சரிக்கையின் மொழி. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். "8-ம் எண் கூண்டு ஏத்தியிருக்கான், நாளைக்கு 9 ஆயிடும், ஏறிக்கிட்டே போகுது" என்று டீக்கடையில் பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது ஏணிப்படி கிடையாது. 8, 9, 10 மூன்றுமே பேராபத்து என்ற ஒரே நிலைதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன் மேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல் மாலுமிக்காகச் செய்த குறியீட்டைச் செய்திகள் நமக்கு வாசிக்கின்றன, நாம் காய்ச்சல் அளவுபோலப் படிக்கிறோம்.

சிவப்பு எச்சரிக்கையும் அப்படித்தான். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 21 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதி கனமழை, அதற்குச் சிவப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 21-ம் சிவப்பு, 95-ம் சிவப்பு. அதற்கு மேல் நிறம் கிடையாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறக்கிறார்கள் என்று கேட்ட அடையாற்றங்கரைக் குடும்பத்துக்கு அந்த எண் எதைச் சொல்லியிருக்கும்? "உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும், இரவுக்குள் மாடிக்குப் போங்கள்" என்பது அந்த எண்ணுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது, அதை எடுத்துக் கையில் கொடுக்க ஆள் இல்லை. வானிலை எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள், வானிலை என்ன செய்யும் என்று சொல்லுங்கள் என்று உலக வானிலை அமைப்பே 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் தெருமுனைவரை அது இன்னும் முழுசாக வரவில்லை. உங்களைப் போன்ற ஒருவர் அந்த மொழிபெயர்ப்பைச் செய்ய முடியும்: இத்தனை சென்டிமீட்டர் என்றால் நம்ம ஊரில் எந்தப் பாலம், எந்தச் சந்து, யார் வீட்டுத் திண்ணை.

நிகழ்தகவும் இதே சிக்கல்தான். "நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று பொறியாளர்கள் சொல்வார்கள். கேட்பவர் "போன தடவை வந்தாச்சு, இனி என் பேரன் காலத்துல பார்த்துக்கலாம்" என்று நிம்மதியாகிவிடுவார். அதன் உண்மைப் பொருள், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அதுவும் மழை பழைய மாதிரியே பெய்தால். இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு பானையில் நூறு புளியங்கொட்டை, ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பார்க்காமல் ஒன்றை எடுத்து, திரும்பப் போட்டு, குலுக்கி, இப்படி 30 தடவை எடுக்கட்டும். 40 பிள்ளைகள் என்றால் ஏறக்குறைய பத்துப் பேர் கைக்கு வெள்ளைக் கொட்டை வந்திருக்கும். வெள்ளைக் கொட்டை வந்த பிள்ளையின் முகத்தை மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் எந்த வரைபடத்தைவிடவும் ஆழமாக இறங்கும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் வரும் "மிகவும் சாத்தியம்" போன்ற சொற்களும் இப்படித்தான் வழுக்கும். அவர்கள் கணக்கில் அது 90 சதவீதத்துக்கு மேல், படிப்பவர்கள் அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லோடு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இந்த இடைவெளி சுருங்குகிறது என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்.

இப்போது வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரும் வருடங்களில் நம் கரையில் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லப்போவது இதுதான் என்று பயப்படுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களிடம் பேசப் போனேன். உலக வெப்பநிலை ஒன்றரை டிகிரி உயர்வதைப் பற்றிச் சொன்னேன். பாத்தியில் உப்பு வாரிவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஒன்றரை டிகிரியா சார்? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவுலயே அதவிடக் கூட இருக்குமே." அவர் சொன்னது சரி. அவர் உடம்புக்குத் தெரிந்த ஒன்றரை டிகிரியும் பூமியின் சராசரியில் ஒன்றரை டிகிரியும் வேறு வேறு. அந்த எண்ணை நான் அங்கே கொண்டுபோயிருக்கவே கூடாது.

பிறகு பேச்சை மாற்றி, மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கையில் இருந்த பாட்டில்களைப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்தது, பதினொரு மணிக்கும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கூட வந்த கிராமச் செவிலியர்தான் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கழிப்பறை இல்லை. வெட்டவெளி, மறைவுக்கு ஒரு புதரும் கிடையாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் இடுப்பு வலியும் பல வருடமாக இருக்கிறது. இந்த இடத்தில் "தண்ணீர் குடியுங்கள்" என்று ஆயிரம் சுவரொட்டி ஒட்டலாம், ஒரு மிடறுகூடக் கூடாது. அங்கே வேண்டியிருந்தது நான்கு தகரமும் ஒரு கதவும் ஒரு நிழற்கூடமும். அதற்காக யாரிடம் பேச வேண்டுமோ அவரிடம் பேசுவதும் இந்த வேலையின் பகுதிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முதலாளியும் அதிகாரியும்கூட நடத்தை மாற வேண்டிய மக்கள்தான். நாம் எப்போதும் பாத்தியில் நிற்பவரின் நடத்தையை மட்டும் மாற்றக் கிளம்புகிறோம்.

அகமதாபாத் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி தொட்டது, அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக நடந்தன. 2013-ல் அந்த மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. செய்தியைப் பரப்பியது அதில் ஒரு பங்குதான். எந்த அளவில் எந்த எச்சரிக்கை, அது வந்ததும் எந்தத் துறை என்ன செய்ய வேண்டும், எங்கே தண்ணீர் வைக்க வேண்டும், மருத்துவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. ஆனால் நம் கரையில் ஒரு கண்ணி இருக்கிறது. கடலோரத்தில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை என்று வகுத்திருக்கிறார்கள். 36 டிகிரியும் கடல் ஈரமும் சேர்ந்தால் வியர்வை காயாது, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது, ஆனால் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். அதனால் போனில் வரும் எண்ணை மட்டும் நம்பாமல் சிறுநீரின் நிறத்தையும், தலைசுற்றலையும், வியர்வை சட்டென்று நிற்பதையும் பார்க்கச் சொல்கிறேன்.

யார் சொல்கிறார் என்பது பெரிய விஷயம், அதற்கு வங்கதேசத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1970 போலா புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1991-ல் ஏறக்குறைய 1,38,000 பேர். 2007 சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். ஒவ்வொரு சாவும் சாவுதான், ஆனாலும் இந்த இறக்கம் அசாதாரணமானது. செயற்கைக்கோளும் புயல் மையக் கட்டடங்களும் இதில் பங்கு வகித்தன. அவற்றோடு, போலாவுக்குப் பின் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் கொடியும் மெகாபோனும் எடுத்துக்கொண்டு தங்கள் ஊரில் தாங்களே வீடு வீடாகப் போனார்கள். இப்போது எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். 1991-ல் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். வீட்டு ஆண் வராமல் கிளம்பத் தயக்கம், மையத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாதது, கைக்குழந்தை, நனைந்தால் காலைக் கட்டும் சேலை. ஒரு பெண் வந்து "வா, நானும் வர்றேன்" என்று கூப்பிடுவது இங்கே செய்தியையே மாற்றிவிடுகிறது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் பேசியதைவிட, மீனவர் பஞ்சாயத்தாரில் ஒருவரும், மகளிர் குழுத் தலைவியும், கூட்டுறவுச் சங்கத்தில் வலை நூல் கொடுப்பவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் கூடுதலாக நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கம்பக்கம் செய்வதைப் பார்த்துச் செய்வதும் அப்படித்தான். கலிபோர்னியாவில் மின்சாரச் சிக்கனம் பற்றி ஆராய்ந்தபோது, ஏன் சிக்கனம் செய்கிறீர்கள் என்று கேட்டால் மக்கள் சுற்றுச்சூழல், பணம் என்றுதான் சொன்னார்கள், அண்டை வீட்டாரைக் கடைசியாக வைத்தார்கள். அவர்கள் உண்மையில் செய்ததோடு அதிகம் ஒத்துப்போனது அண்டை வீட்டாரின் பழக்கம்தான். ஆகவே "நம்ம ஊர்ல யாருமே மழைநீர் சேமிக்கிறதில்ல" என்று மேடையில் வருத்தப்படாதீர்கள். அது "யாரும் செய்வதில்லை, நீயும் செய்ய வேண்டாம்" என்றுதான் காதில் விழும். செய்கிற ஒரு வீட்டைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தை அந்த வாசலில் வையுங்கள்.

காலநிலை பற்றிச் சொல்லும்போது எதை அடித்துச் சொல்லலாம், எதில் நிதானிக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு தடவை மிகைப்படுத்தி மாட்டிக்கொண்டால் ஊர் உங்களை அதோடு நிறுத்திவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும், பெய்யும்போது கொட்டும் மழை கூடும் என்பது உறுதி. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, உயரும் வேகமும் கூடியிருக்கிறது என்பதும் உறுதி. வங்கக் கடலில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்லாதீர்கள், பதிவுகள் அப்படிக் காட்டவில்லை. வரும் புயல் வலுவாகவும் கூடுதல் மழையோடும் வரக்கூடும் என்பதே நிற்கும் கூற்று. 2015 சென்னை மழையை எல்லோரும் காலநிலை மாற்றத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் குழுவுக்கு அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் கை இருப்பதாகத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. அந்த வெள்ளத்தில் ஏரிகள் மேல் எழும்பிய கட்டடங்களுக்கும் சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. "கச்சான் இப்பல்லாம் நேரத்துக்கு வர்றதில்ல, சோழகம் முன்ன மாதிரி இல்ல" என்று பெரியவர்கள் காற்றுகளைப் பற்றிச் சொல்வதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஞாபகம் பழைய காலத்தை ஒழுங்காக்கிக் காட்டும். ஆனால் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. "உங்க அப்பா காலத்துல கரை எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவார்கள், நீங்கள் கேட்பீர்கள்.

இன்னொன்றும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "நடத்தை மாற்றம்" என்று எழுதிக்கொண்டு ஏழையின் அடுப்படிக்குள் போகும்போது எனக்குக் கூசுகிறது. இந்தியாவில் ஓர் ஆள் கணக்குக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவில் அதைப்போல ஆறேழு மடங்கு. இந்த இரண்டு டன் சராசரிக்குள்ளும் இரண்டு ஏசி ஓடும் வீடு இருக்கிறது, இரண்டு பல்பு எரியும் வீடும் இருக்கிறது. இரண்டு பல்பு வீட்டிடம் மின்சாரத்தைக் குறை என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர்களிடம் பேச வேண்டியது தற்காப்பைப் பற்றி. உமிழ்வைக் குறைப்பதைப் பற்றிப் பேச வேண்டியது வேறு வீடுகளில், வேறு மேசைகளில். அதேபோல் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அவர்கள் கிளம்பியபோது எச்சரிக்கையே இல்லை, நடுக்கடலில் கையில் இருந்த கருவிகளுக்குக் கரையின் குரல் எட்டாது. அங்கே விழிப்புணர்வு குறைவு என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி முதல் வாரத்துக்குள் வையுங்கள், அப்போதுதான் காதும் வானமும் ஒரே பக்கம் இருக்கும். ஊர் முழுவதையும் கூப்பிடாதீர்கள், ஒரு தெரு போதும். படம் வேண்டாம். கடைசியாக வந்த வெள்ளத்தில் அவரவர் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, பிள்ளைகளை விட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் ஒரே மட்டத்தில் வராது, அதில் ஒரு சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையில்தான் எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் ஏறும் என்பது வெளியே வரும். பிறகு ஒரே ஒரு வேலையை முடித்துவிட்டுக் கலையுங்கள்: நடக்க முடியாதவர் யார், அவரை யார் தூக்குவார், யாருடைய குட்டியானை வண்டி எத்தனை மணிக்கு வரும், ஆடு மாடு எங்கே. ரேஷன் கார்டும் ஆதாரும் போட ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையை அங்கேயே கையில் கொடுத்து, அங்கேயே போட்டுக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்றால் செய்ய மாட்டார்கள், நானும் செய்ய மாட்டேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ உறைமேல் மார்க்கரால் எழுதுங்கள்.

சாக்பீஸ் கோடு முதல் மழையிலேயே போய்விடும். மறுநாள் ஒரு டப்பா நீல ஆயில் பெயின்ட் வாங்கிப் பள்ளிச் சுவரிலும் மின்கம்பத்திலும் அதே மட்டத்தில் கோடும் வருடமும் எழுதிவிடுங்கள். அப்படியே தலைமை ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எங்கள் ஊரில் ஆண்டு விழாவுக்கு வெள்ளையடித்தபோது 2018-ன் கோட்டை மறைத்துவிட்டார்கள், அதே இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று.